வெள்ளிக்கிழமை கொட்டிய உப்பு

எங்கள் குடும்பத்தில் ஆராய்ச்சிக்காரி நான் இல்லை, என் நாத்தனார். ஊரப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்தபடி உலகத்து ஆய்வகங்களையெல்லாம் கைப்பேசியில் மேய்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளில் இருந்து மருந்து, நெல் உமியில் இருந்து பேட்டரி, எலிக்கு வளர்ந்த புது ஈரல் என்று எது வெளிவந்தாலும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். நான் பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊறுகாயில் என்ன கலந்திருக்கிறது, பிஸ்கட்டில் எவ்வளவு உப்பு, ஏற்றுமதி இறாலில் மருந்து தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஆனாலும் திருப்போரூரில் என் புகுந்த வீட்டில் ஒருவர்கூட என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. மதுராந்தகம் ஏரிக் கழனியில் கூலிக்கு நடவு நட்டவர்களின் மகள் எம்.எஸ்ஸி. படித்தால் அது சம்பளம் வருகிற படிப்பு, அவ்வளவுதான். அறிவெல்லாம் அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு.

மாமியாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் சில நாட்கள் செங்கல்பட்டில் டயாலிசிஸ். என் கணவருக்கு மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் ஷிஃப்ட் வேலை. அதனால் அழைத்துப் போவது, உட்கார்ந்திருப்பது, வாந்தியைத் துடைப்பது எல்லாம் என் தலையில். சமையலும்தான். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் சமைக்க வேண்டும். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும், ருசியும் போய்விடும். அவர் தட்டில் விழுவதற்கு உப்பே போடமாட்டேன்.

மாமியார் அதற்கு என்னை மன்னிக்கவே இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கேட்கும்படி சொல்வார்: "இன்னாமே கொயம்பு இது? உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சும்மாவா சொன்னாங்க? இதத் துன்றதுக்கு செத்துப் பூடலாம்." கணவர் மாமல்லபுரத்தில் இருந்து கருவாடு வாங்கி வந்தால் அதன் வாசனையை முகர்ந்துவிட்டு அழுவார். நானும் ஒன்றும் சாந்தசொரூபி இல்லை. இடுப்பில் பெல்ட் மாதிரிக் கட்டிக்கொள்ளும் சிறுநீரகம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்களாம், புது வகைச் சல்லடைச் சவ்வு ஒன்று வந்திருக்கிறதாம் என்று நாத்தனார் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அந்தப் பெல்ட் எப்போது வரும் என்று மாமியார் கேட்பார். ஒரு நாள் எரிச்சலில், நீங்கள் இருக்கும்போது வராது அத்தை என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொன்னது உண்மைதான்.

அந்த வீட்டில் உப்புக்கு ஒரு சட்டம் உண்டு. உப்பு ஜாடி காலியாகவே கூடாது. அடி தெரிவதற்குள் மேலே கொட்டி நிரப்ப வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமை நிரப்பினால் விசேஷம். வாங்கிய உப்பை உறையிலேயே விடக் கூடாது, ஜாடியைக் கழுவிக் கவிழ்க்கவும் கூடாது. லட்சுமி வெளியே போய்விடுவாளாம். நான் கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அந்தப் பீங்கான் ஜாடி கழுவப்பட்டு நான் பார்த்ததில்லை. எந்தக் காலத்து உப்பின்மேல் எந்தக் காலத்து உப்பு கிடக்கிறது என்று அந்த லட்சுமிக்கே தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் திடீரென்று மாமியாரின் புலம்பல் நின்றது. வேகவைத்துப் பிழிந்த காயை ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டார். எனக்கு உள்ளூர வெற்றிக் களிப்பு. கணவர் மட்டும் சாம்பார் லேசாகக் கசக்கிறதே என்றார். புது வாணலி என்றேன். பிறகு ஒரு காலையில் மாமியாரால் கட்டிலில் இருந்து காலை எடுத்து வைக்க முடியவில்லை. நாடி நின்று நின்று அடித்தது. செங்கல்பட்டுக்குப் போவதற்குள் கண் செருகிவிட்டது.

இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பிடித்திருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கிடைத்திருக்க மாட்டார். இளநீர் கொடுத்தீர்களா, வாழைப்பழம், தக்காளி, கீரை, என்ன கொடுத்தீர்கள் என்று எங்கள் மூவரையும் பார்த்துக் கேட்டார். கணவரும் ஊரப்பாக்கத்தில் இருந்து ஓடிவந்த நாத்தனாரும் என்னைப் பார்த்தார்கள். கணவர் மெல்ல, "இளநி கிளநி வாங்கிக் குடுத்தியா?" என்றார். அந்த மெல்லிய குரலை நான் இன்றுவரை செரிக்கவில்லை. நாத்தனார் மெல்லக் கேட்கவில்லை. வார்டில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"அண்ணி, நீங்க சயின்ஸ் படிச்சவங்க. எதுல இன்னா கீதுன்னு எங்களவிட உங்களுக்குத்தான் தெரியும். தெரிஞ்சேதான குடுத்தீங்க?"

என் படிப்பை அந்தக் குடும்பம் ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான். அதுவும் கொலைக்குச் சாட்சியாக. அன்று மாலைக்குள் விஷயம் திருப்போரூர்த் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சாமி கும்பிடப் போனால் எனக்கு முன்னால் நிற்பவர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். என் அம்மாவுக்கே போன் போட்டு விசாரித்தார்கள்.

நான் கொடுத்த எதையும் மனத்துக்குள் திரும்பத் திரும்பப் புரட்டினேன். மீதி இருந்தது அந்தக் கசப்பு மட்டும். வாணலியை மாற்றிப் பார்த்தேன், போகவில்லை. ஜாடி உப்பில் கொஞ்சம் பொட்டலம் கட்டி வேலைக்கு எடுத்துப் போனேன். கரைத்து, சுடரில் விட்டு அளக்கிற கருவி ஒன்று எங்களிடம் உண்டு. சோடியம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லிவிடும். சாதாரண உப்பு என்றால் பொட்டாசியம் பக்கம் பெயருக்குத்தான் அசையும். இது எகிறியது. கருவி பழுதோ என்று வேறு கடை உப்பை விட்டுப் பார்த்தேன். கருவி நன்றாகத்தான் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்த வேகத்தில் ஜாடியைத் தூக்கி, அவ்வளவு உப்பையும் சாக்கடையில் கொட்டி, ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். கடைக்காரன் ஏதோ மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றுதான் அப்போது நினைத்தேன். வீட்டில் தங்கியிருந்த நாத்தனார் விளக்கேற்ற வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் உப்பைக் கொட்டுகிறாளே, அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஜாடியைக் கவிழ்க்கிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். உப்பு கெட்டுவிட்டது என்றேன். உப்பு எங்கேயாவது கெடுமா என்று கத்தி ஊரைக் கூட்டினாள்.

மறுநாள் வார்டில் மாமியாரும் நானும் தனியாக இருந்தபோது, ஜாடியில் யார் உப்பு போட்டது என்று கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. மகளை அவர் பாப்பா என்றுதான் சொல்வார்.

"பாப்பா வாங்கினு வந்துச்சு. புதுசா கண்டுபுடிச்ச உப்பாம், பிரசருக்கு நல்லதாம். எவ்ளோ வேணா போட்டுக்கோன்னுச்சு. உங்கிட்ட சொல்லாத, நீ ரூல் பேசுவேன்னுச்சு. நீ வேலைக்குப் போனதும் எடுத்துத் தூவிக்குவேன்."

அந்த ஆராய்ச்சி பொய்யில்லை. சோடியத்தைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியம் சேர்த்த உப்பு, இரத்த அழுத்தம் உள்ள நிறையப் பேருக்கு நல்லதுதான். சிறுநீரகம் வேலை செய்கிறவர்களுக்கு. செய்யாதவர்களுக்கு அது நஞ்சு. உறையிலேயே எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். ஆனால் உப்பை உறையில் விடக் கூடாதே. ஜாடியில் கொட்டி உறையைக் குப்பையில் போட்டுவிட்டாள். அவ்வளவு ஆராய்ச்சி படித்தவள் அந்த நாலு வரியைப் படிக்கவில்லை.

இதையெல்லாம் மாமியாருக்குப் புரியும்படி சொன்னேன். உங்கள் இதயத்தை நிறுத்தப் பார்த்தது அந்த உப்புதான் என்றேன். என் மேல் விழுந்த பழி நீங்கிவிட்டது என்று நான் நினைத்தேன்.

"அவகிட்ட சொல்லாத," என்றார். "தெரிஞ்சா தாங்க மாட்டா. நாண்டுக்கினு செத்துடுவா."

"அப்ப பழி என் மேல கெடக்கட்டுமா அத்தை?"

"நீ தாங்குவ. நீ இன்னா, என் வயித்துல பொறந்தவளா?"

கோபத்தில் அவர் கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப் ஊசியைப் பிடுங்கி எறியலாம் என்றுகூடத் தோன்றியது. செய்யவில்லை. நேராகப் போய்க் கத்திச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உப்பை எடுத்தவள் நான், அளந்த இடம் என் இடம், ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தவளும் நானே. உறை குப்பை வண்டியில் போய்விட்டது. யார் நம்புவார்கள்? என் பெயரைத் துடைக்கக்கூடிய வாய் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அது அந்தக் கிழவியின் வாய்.

அதனால் அவரைக் காப்பாற்றினேன். பாசம் என்று யாரும் ஏமாற வேண்டாம். காயை இன்னும் பொடியாக நறுக்கினேன், தண்ணீரை அளந்து கொடுத்தேன், உப்பைப் பூட்டி வைத்தேன். நாத்தனார் வரும் ஒவ்வொரு முறையும் அவர் வாயைப் பார்த்தபடி நின்றேன். அவர் என்னைப் பார்ப்பார், பிறகு மகளின் கையைத் தடவிக்கொடுத்தபடி, "இவ போடற சோத்துல இன்னா கீதுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்," என்பார். உண்மை தெரிந்த பிறகும் சொன்னார். தெரிந்ததால்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மகளை மறைக்க என்னைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்.

அடுத்த கோடை முடிவதற்குள், டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் ஆட்டோவிலேயே என் தோளில் சாய்ந்து செத்துப்போனார். என் பெயரைத் துடைக்கும் அந்த ஒரு சொல்லைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று நான் அழுத அழுகை என் பெயருக்காக அழுதது. நாத்தனார் பிணத்தின்மேல் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு, ஜாடியைக் கவிழ்த்தாளே, வீட்டு லட்சுமியைக் கவிழ்த்தாளே என்று ஒப்பாரியிலேயே சேர்த்துவிட்டாள். கருமாதிப் படையலுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவள் அடுப்பண்டை வந்து நின்று, "இப்பவாச்சும் எங்கம்மாவுக்கு உப்பு போடுங்க அண்ணி," என்றாள். கூடியிருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் உப்பு போட்டேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவளிடம் சொல்லாதே என்று கேட்டார் மாமியார். சரி என்று நான் சொல்லவில்லை, ஆனாலும் இதுவரை சொல்லவில்லை. இப்போது எழுதியிருக்கிறேன். யார் பெயரையும் போடவில்லை, போட வேண்டிய தேவையும் இல்லை. புது உப்பைப் பற்றி எங்கே எது வந்தாலும் தேடிப் படிப்பவள் அவள். இந்த முறை நாலு வரியையும் படிப்பாள்.