விதைச் சாமையில் ஆக்கிய சோறு

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆனி மாதம், ஜவ்வாது மலையில் நடந்தது இது. எங்கள் ஜனம் மலை ஜனம்தான் என்றாலும், அப்பா வேலைக்குப் போன போளூர் பக்கம் வளர்ந்தவள் நான். எட்டாவது வரை படிப்பு. கல்யாணமாகி மலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் மொத்தமே பதினோரு வீடு. கூச்சத்தில் ஒருவரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

அன்று மாமியாரும் வீட்டுக்காரரும் ஏர் ஓட்டப் போயிருந்தார்கள். தினமும் கேழ்வரகுக் களிதான் சாப்பாடு. அடுப்புக்கு மேலே புகை படிந்த சுரைக்குடுக்கை ஒன்று தொங்கியது. இறக்கிப் பார்த்தால் மூன்று படி சாமை! முழுவதையும் உரலில் குத்திப் புடைத்து, வேண்டியதை எடுத்துச் சோறாக்கினேன்.

மத்தியானம் வந்து இரண்டு வாய் சாப்பிட்டதும் மாமியார் நிமிர்ந்தார். “சாமை ஏதுடி?”

நான் குடுக்கையைக் காட்டினேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அது விதைக்கு வைத்தது. உமி போன சாமை முளைக்காது. மண்ணில் ஈரம் இருக்கும் இரண்டு நாளுக்குள் விதைக்காவிட்டால் அந்த வருஷத்துச் சோறு போச்சு.

“சோறு நல்லாத்தான் கீது” என்றார் வீட்டுக்காரர், தலை தூக்காமல்.

மாமியார் முறத்தை என் கையில் கொடுத்தார். “குத்தனவ நீ. நீயே வூடு வூடா போய் வெத கேளு.”

முதல் வீட்டு வேலிப் படலருகே போய் நின்றேன். படலைப் பிடித்தபடி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். விறகு பொறுக்கிக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்கா, “இன்னாம்மா, எங்க படலுக்குக் காவலா?” என்றாள்.

“வெதைய ஆக்கிட்டேன்க்கா” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே போய் இரண்டு கை விதை அள்ளி முறத்தில் போட்டாள். அதற்குப் பிறகு நான் விஷயத்தைச் சொல்லவே தேவைப்படவில்லை. “வெதைய ஆக்கனவ வர்றா, கொண்டாங்க!” என்று எனக்கு முன்னால் சேதி ஓடியது. தங்களுக்கே போதாத ஒரு வீட்டில்கூட, “வெறும் முறத்தோட போவக் கூடாது” என்று ஒரு பிடி போட்டார்கள். பத்து வீடும் முடிந்தபோது முறம் கனத்தது.

மறுநாள் காலையில் விதைத்தோம். பத்து வீட்டு விதை அல்லவா? வீட்டுக்கு ஒரு ரகம். ஒரு பக்கம் முற்றும்போது மறு பக்கம் அப்போதுதான் கதிர் விட்டது. மூன்று தடவை அறுத்தோம். “ஊரையே வெதச்சி வெச்சிருக்கா” என்று மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பார். வழியில் போகிறவர்கள், “அந்த நெட்டை எங்க வூட்டுது, பாத்து அறு” என்று கூவுவார்கள். நானும் பதிலுக்குக் கூவப் பழகிவிட்டேன்.

இன்றும் நாலு பேர் நடுவே எனக்குச் சட்டென்று பேச்சு வராது. ஆனால் தப்பு என்னுடையது என்றால், யார் வாசலில் நின்றும் அதை முதல் வார்த்தையாகச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.