தோளுக்கு நோகும் தோட்டா

ஹம்பேர்க்கில் நான் வேலை செய்யும் துவக்குக் கடைக்கு வந்த ஒரே தமிழ்ப் பெண் அந்த அக்காதான். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த, குள்ளமான உருவம். பேச்சுக்கு நடுவே வலது தோளை இடது கையால் அடிக்கடி அமுக்கிவிட்டுக்கொள்வார்.

காட்டுப்பன்றி வேட்டைக்கு ஒன்பது தசம் மூன்று மில்லிமீட்டர் தோட்டா வேண்டும் என்று ஜெர்மனில் கேட்டார். கணவருக்கா என்றார் முதலாளி.

"அவருக்கு வேட்டையே பிடிக்காது" என்று சொல்லித் தன் வேட்டை அனுமதி அட்டையை மேசையில் வைத்தார் அக்கா.

முதலாளி விடவில்லை. பெரிய தோட்டா என்றால் துவக்கு தோளில் உதைக்கும், உங்களுக்கு இது போதும் என்று சின்னத் தோட்டாப் பெட்டி ஒன்றை முன்னால் தள்ளினார். அக்கா அதை ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினார்.

"நான் சின்ன ஆள் என்பதற்காகப் பன்றியும் சின்னதாக வராது."

கேட்ட பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது நான் தமிழில் மெல்லக் கேட்டேன்.

"அக்கா, உண்மையா இது தோளுக்கு நோகாதோ?"

"நோகும் தம்பி. ஒவ்வொரு சனியும் சுட்டுப் பழகிப்போட்டு நோவோடதான் வீட்டை போறன். போன விண்டரில ஆரோ சின்னத் தோட்டாவால சுட்ட பண்டியை, நாயோட பின்னேரம் வரைக்கும் தேடினனாங்கள். குடல் வெளியில இழுபட, உயிரோட கிடந்தது. நோகிறதெண்டால் எனக்கு நோகட்டும்."

தோட்டாப் பெட்டியைப் போட்ட பையைக் காருக்குக் கொண்டுவந்து தரவா என்று முதலாளி கேட்டார். அக்கா அதைத் தூக்கி வலது தோளில் மாட்டிக்கொண்டு போனார். இடது தோள் சும்மாதான் இருந்தது.