உச்சி வரைக்கும் ஓடிய எஞ்சின்

டர்போ என்ற சொல்லையும் இன்டர்கூலர் என்ற சொல்லையும் எங்கள் ஊரில் முதலில் வாயால் சொன்ன பொம்பளை நான்தான். எழுதிக் காட்டச் சொன்னால் எனக்கு வராது. ஆனால் எது எங்கே உட்காரும், எந்தக் குழாயைத் தொட்டால் கை பொசுங்கும், எது சில்லென்று இருக்கும் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கண்டரமாணிக்கத்துக்குக் கிழக்கே எங்கள் வயக்காடு. கரண்டுக் கம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். அங்கே இருந்தது ஒரே கிணறு. அதில் என் அப்பாவுக்குப் பாதி, பெரியப்பாவுக்குப் பாதி. ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இறைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு ஆயில் எஞ்சின் வைத்து இறைத்தார்கள். அப்பா இருந்தவரைக்கும் அதில் ஒரு வாய்ப்பேச்சு வந்ததில்லை.

எனக்குப் பத்து வயதாகும்போது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். கருமாதி முடிந்து வந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோதே பெரியப்பா ஊர் அம்பலகாரர் முன்னால் எழுந்து நின்று புதுச் சட்டம் ஒன்று சொன்னார்.

“ஆம்பளை இல்லாத வீட்டுக்கு எதுக்கு முழு முறை? உச்சி வரைக்கும் எறைச்சுக்கிறட்டும். அதுக்கு மேல நான் எடுத்துக்கிறேன்.”

சுற்றி இருந்த ஆம்பளைகள் தலையை ஆட்டினார்கள். என் ஆத்தா கதவுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பழைய எஞ்சின் இருமி இருமி ஓடுகிற சாதி. சூரியன் உச்சிக்கு வருவதற்குள் பாதி வயல்தான் நனையும். கடைசி வயல் வெடிக்கத் தொடங்கியது. பயிர் கதிர் தள்ளிப் பால் பிடிக்கிற நேரம். பெரியப்பா வரப்பில் நடந்துபோகிறபோது, முடியாவிட்டால் நிலத்தை எனக்குக் குத்தகைக்கு விட்டுவிடச் சொல் உன் ஆத்தாளை, சாப்பாட்டுக்கு நெல் அளக்கிறேன் என்று என்னிடம் சொல்லி அனுப்புவார். நான் அப்படியே போய்ச் சொல்வேன். ஆத்தா கேட்டுக்கொண்டே மிளகாய் அரைப்பாள். அந்த விளைச்சல் போனால் நிலமும் போனதுதான் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் அது மட்டும் தெரிந்துதான் இருந்தது.

தாய்மாமன் காரைக்குடியில் லாரிப் பட்டறையில் இருந்தார். ஆத்தா பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த வாரமே அவர் ஒரு லாரியில் எஞ்சின் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வரும் வழியில் பிள்ளையார்பட்டியில் லாரியை நிறுத்திச் சிதறுகாய் போட்டாராம். தூத்துக்குடியில் உடைத்த ஒரு லாஞ்சுப் படகில் இருந்த எஞ்சின் அது. எங்கள் பழைய எஞ்சினை அதே லாரியில் ஏற்றிப் பழைய இரும்புக் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டார்; அதற்கு மாற்றாகத்தான் இதை வாங்கியிருந்தார். அதனால் இனி பின்வாங்க முடியாது. கடலில் ஓடியதைக் கிணற்றுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, “எங்குட்டுத் தாயி போறீக, சிலோனுக்கா?” என்று ஆத்தாளைக் கேட்டார்.

அந்த எஞ்சினின் விலாவில் நத்தை ஓடு மாதிரி ஒரு சாமான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் டர்போ. எஞ்சின் விடுகிற புகையாலேயே சுற்றி, வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும் என்று மாமன் சொன்னார். திணிக்கிறபோது காற்று சூடாகிவிடும். சூட்டுக் காற்று பொரி மாதிரி உப்பிக் கிடக்கும், படியில் கொஞ்சம்தான் கொள்ளும்; ஆற்றிவிட்டால் அரிசி மாதிரி அடங்கி நிறையக் கொள்ளும். ஆற்றுவதற்கு ஒரு பெட்டி. அதுதான் இன்டர்கூலர். உள்ளே சின்னச் சின்னக் குழாய்கள். லாஞ்சில் கடல்தண்ணீர் அதில் ஓடியது. நாங்கள் இறைக்கிற கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சத்தைப் பிரித்து அதில் விட்டு, வாய்க்காலுக்கே திருப்பிவிடலாம் என்றார்.

எல்லாம் சரி. டர்போவிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து எஞ்சின் வாய்க்கும் காற்று போகிற குழாய்களை லாஞ்சை உடைத்தவர்கள் எங்கேயோ போட்டுவிட்டார்கள். முதல் குழாயை மாமன் இரும்பில் வளைத்துப் பற்றவைத்துவிட்டார். இரண்டாவதற்கு அது ஆகாது. எஞ்சின் உதறுகிற உதறலில் இரும்பு விண்டுவிடும். கொஞ்சம் வளைந்து கொடுக்கிற இணைப்பு வேண்டும். அத்தனை பருமனில் ரப்பர்க் குழாய் காரைக்குடியில் இல்லை, சிவகங்கையிலும் இல்லை. லாரி டியூபை வெட்டிச் சுற்றிக் கம்பியால் இறுக்கினார்.

எங்கள் முறை அன்று விடிந்ததும் எஞ்சினை முடுக்கினார். மண் அதிர்ந்தது. தண்ணீர் என் இடுப்புப் பருமனுக்கு வந்து விழுந்தது. மாமன் எண்ணெயைக் கூட்டக் கூட்ட, டியூப் தவளைத் தொண்டை மாதிரி உப்பிக்கொண்டே போய் டமார் என்று வெடித்தது. எஞ்சின் கறுப்புப் புகையைக் கக்கித் திணறியது. மாமன் மறுபடி சுற்றினார், மறுபடி வெடித்தது. அதற்குள் உச்சி வந்துவிட்டது.

பெரியப்பா தன் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். “காத்தப் புடிச்சுக் கட்டுறாகளாம்ல” என்று அவனிடம் சொன்னார். ஆத்தா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள். அடுத்த முறையிலும் தண்ணீர் பாயாவிட்டால் கதிர் பதராகிவிடும் என்று மாமன் என்னிடம் சொன்னார். ஆத்தாளிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் சாயங்காலம் பெரியாத்தா, அதுதான் பெரியப்பாவின் சம்சாரம், புல்லுக்கட்டோடு எங்கள் எஞ்சின் கொட்டகைக்குள் வந்தாள். அப்பா செத்ததிலிருந்து அவள் எங்கள் பக்கம் வரக்கூடாது என்று பெரியப்பா உத்தரவு. கட்டை இறக்கிப் புல்லை விலக்கினாள். உள்ளே சுருட்டி வைத்த தோல். மாடு கட்டிக் கமலை இறைத்த காலத்தில் தண்ணீர் மொள்ளுகிற சாலுக்குக் கீழே யானைத் துதிக்கை மாதிரி தொங்குமே, தண்ணீரை வாய்க்காலில் விடுகிற அந்தத் தோல். பெரியப்பா அதை எண்ணெய் போட்டு இன்னும் பத்திரமாக வைத்திருந்தார். கிழிந்த இடத்தில் சிவப்பு நூலால் தைத்த ஒட்டு இருந்தது.

“இது தாங்குமாடா தம்பி?” என்று மாமனிடம் கேட்டாள்.

மாமன் அதை இழுத்துப் பார்த்தார். சூட்டுப் பக்கம் போட்டால் சுருங்கிவிடும், ஆறிய பக்கம் என்றால் தாங்கும் என்றார். பெரியாத்தா ஆத்தாளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் புல்லைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஆத்தா கோணி ஊசியை எடுத்து, அந்தத் தோலை இரட்டையாக மடித்துத் தைக்க உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் எங்கள் முறை. எனக்கும் அன்றைக்கு உத்தியோகம் உண்டு. ஈரத் துணியால் இரும்புக் குழாயைத் தொட வேண்டும். சுரீர் என்று ஆவி வரும். பெட்டிக்கு அந்தப்பக்கம் தோலில் வெறுங்கையை வைக்க வேண்டும், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்திருந்தது. தோல் உப்பியது, முறுக்கியது, வெடிக்கவில்லை. எஞ்சின் சீட்டி அடித்துக்கொண்டு இழுத்தது. புகை வெள்ளைவேட்டி மாதிரி சுத்தம். கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் போய் வெடிப்புகளில் குபுகுபுவென்று இறங்கியது. உச்சி வந்ததும் ஆத்தாளே எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். ஒரு சால் கூடுதலாக எடுக்கவில்லை.

பெரியப்பா வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் சேறும் இரண்டு தவளையும்தான் இருந்தன. ஊற்று ஊறி அவர் எஞ்சினுக்கு எட்டுவதற்குப் பொழுது சாய்ந்துவிடும். அவர் போய் அம்பலகாரரையும் நாலு பேரையும் கூட்டிவந்தார். கிணற்றையே குடித்துவிட்டாள் என்று முறையிட்டார்.

ஆத்தா அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் இல்லை. சொட்டச் சொட்ட ஈரச்சேலையோடு கிணற்று மேட்டில் நின்றாள்.

“உச்சி வரைக்கும்னு சொன்னது நீக. எம்புட்டுத் தண்ணின்னு சொல்லலையே. நேரத்த வேணா குறைங்க, எறைக்கிறத நான் குறைக்கமாட்டேன்.”

அம்பலகாரர் வாயில் துண்டை வைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது. பழையபடி இவள் முறையில் முழுநாளும் இவளுக்கே விட்டுவிடு, இவளும் மெதுவாக ஓட்டுவாள், ஊற்றும் பிழைக்கும் என்றார். பெரியப்பா அதை மறுத்துப் பேச எஞ்சின் கொட்டகைப் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். தோலில் அந்தச் சிவப்பு நூல் ஒட்டு அவர் கண்ணில் பட்டுவிட்டது. என் வீட்டுத் தோல் என்று சொன்னால், அதைத் தூக்கிக் கொடுத்தது யார் என்று நாலு பேர் முன்னால் அவரே சொல்ல வேண்டிவரும். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வரப்பில் இறங்கிப் போனார்.

எங்கள் முறை எங்களுக்கே திரும்பி வந்தது. அந்த நிலம் இன்றைக்கும் எங்களிடம்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் ஊருணியில் பெரியாத்தாளைப் பார்த்தேன். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் மூடிக் கிடந்தது. எங்கள் ஊரில் கன்னம் வீங்கிய பொம்பளைகள் எல்லாரும் படியில் விழுந்தவர்கள்தான். யாரோ கேட்டார்கள். பெரியாத்தா முந்தானையை இழுத்து மறைக்கவில்லை. “அவரு அடிச்சாரு” என்று கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுக் குடத்தை முக்கினாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மத்தியானம் பெரியப்பா இல்லாத நேரமாகப் பார்த்து அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். பெரியாத்தா கடைசி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு மகள்களும் பக்கத்தில் சடைக்குக் காத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் மூச்சு வாங்கக் கேட்டேன்: “உங்க வயலுக்குத்தான நேத்துத் தண்ணி இல்லாமப் போச்சு? அடியும் வாங்கிக்கிட்டீக. எதுக்குப் பெரியாத்தா அந்தத் தோலக் குடுத்தீக?”

அவள் சீப்பை நிறுத்தவில்லை.

“எனக்கு மூணும் பொட்டப்புள்ளதானடி” என்றாள்.

நான் ஒன்று கேட்டால் இவள் ஒன்று சொல்கிறாளே, அடியில் காது கேட்காமல் போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஆத்தாளிடம் அதை அப்படியே நடித்துக் காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.