ராணிக்கு வைத்த மீன் தலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எங்கள் ஊரில் அம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அந்தப் பேச்சு அதோடு சரி. பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுக்கு விளக்குப் போடுகிறவள் நான், மீறுவேனா? ஆனால் போன வாரம் எனக்குக் கொழுந்தன் முறையாகிற ஏழுமலை ஒரு நாய்க்குட்டியைக் கயிறு கட்டி ஏரிக்கரையில் நடத்திக்கொண்டு வந்தான். அதன் ஈர ரோம வாடை மூக்கில் ஏறியதும் என் ராணி வந்துவிட்டாள்.

செவலை நாய். ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். விடிகாலையில் அவளைக் கோயில் வரை கூட்டிப்போவேன். அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள் என்பது நிஜம். ஒரு பக்கம் தாழம்புதர், ஒரு பக்கம் ஏரி. பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும். ராணி துரத்தமாட்டாள், உட்கார்ந்து பார்ப்பாள். நானும் உட்கார்ந்துவிடுவேன், வீட்டில் உலை கொதித்து வழியும்.

"நாய நீ மேய்ச்சியா, நாய் உன்ன மேய்ச்சுதா?" என்பார் வீட்டுக்காரர்.

ஏரியில் இறால் வலை கட்ட எங்களுக்குள் முறை உண்டு, பாடு என்போம். ஒருவர் முறையில் இன்னொருவர் வலை போடக் கூடாது. ஒருநாள் ராணி கரையில் நின்று விடாமல் குரைத்தாள். ஏழுமலை அடுத்தவர் முறையில் வலை இழுத்துக்கொண்டிருந்தான். சத்தத்தில் ஊரே வந்துவிட்டது. அந்தப் பருவம் முழுக்க அவனுக்குப் பாடு கிடையாது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

"நாய் சாட்சி சொல்லி ஊரு தீர்ப்பா? நல்லா கீதுபா!" என்று என்னைப் பார்த்து உறுமினான்.

சில நாளில் ராணி தாழம்புதரடியில் நுரை தள்ளிக் கிடந்தாள். பக்கத்தில் பாதி தின்ற மடவை மீன் தலை, வறுத்தது. மடியில் தூக்கிப் போட்டதும் வாலை ஒருதரம் ஆட்டினாள். அவ்வளவுதான்.

"இன்னா அண்ணி, என் மேலயா சந்தேகம்?" என்று சிரித்தபடி ஏழுமலை அம்மன் முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்தான். பேச்சு முடிந்தது. பிறகொரு நாள் குழாயடியில் அவன் மனைவி என் கையைப் பிடித்து அழுதாள். "நான்தான் அக்கா வறுத்தேன். அவரு துன்றதுக்குன்னு நெனச்சேன். மருந்து தடவுறத அப்பறம்தான் பார்த்தேன்." அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போன வாரம் அவனே பேச்சுக் கொடுத்தான். "ஊட்ல வேற யாரு கீறாங்க அண்ணி? எங்கூடவே தூங்குது."

என் தூக்குவாளியில் வறுத்த மீன் இருந்தது. ஒரு துண்டைக் குட்டிக்குப் போட்டேன். ஏழுமலை முகம் செத்துவிட்டது. மண்டிபோட்டு அதன் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினான்.

"நல்ல மீனுதான் தம்பி. நான் வறுத்தது" என்றேன். அவன் நிமிரவேயில்லை.

நேரே கோயிலுக்குப் போனேன். தாயே, குட்டிக்கு ஒரு குறையும் வேண்டாம், அது பாவம். அவன் அதன்மேல் உயிரையே வைக்கட்டும். யார் எதைப் போட்டாலும் அவனுக்கு இன்றுபோல் வயிறு கலங்கட்டும், சாகும்வரை.

தாழம்புதர் இப்போது இல்லை. ராணியைப் புதைத்த இடத்தின்மேல் தார்ரோடு போகிறது. கற்பூரம் அணைக்கிற வழக்கமும் போய்விட்டது, எதற்கெடுத்தாலும் போலீஸ் ஸ்டேஷன்தான்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். நான் சொன்னபடியே சொல்லுங்கள். கேட்க நன்றாக இருக்குமே என்று, கடைசியில் நான் அவனை மன்னித்துவிட்டதாக மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.