உனுக்கும் கேட்டுதா?

ஊத்துக்கோட்டைக்கு அருகே, பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் அவருக்கு மனச்சிதைவு நோய் வந்தது. இதை மறைத்து எழுதக் கூடாது என்று அவரே சொல்லியிருந்தார். ஆளில்லாத இடத்திலிருந்து குரல்கள் அவரைத் திட்டின. அம்மா பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, வேப்பிலையால் ஆன வேப்பஞ்சேலை உடுத்திக் கோயிலை வலம் வந்தார். நான் அண்ணனை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மாத்திரைகள் மெல்ல அவரை மீட்டுத் தந்தன.

நான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். எப்போதாவது ஒரு குரல் தலைகாட்டும். சந்தேகம் வந்தால் என்னிடம், "உனுக்கும் கேட்டுதா?" என்பார். இல்லை என்றால் அதை விட்டுவிடுவார். என் வாய்ச்சொல்தான் அவருக்குத் தராசு.

அந்தத் தராசில் ஒருமுறை நான் கள்ளம் செய்தேன். குழாயடியில் ஒருவர், "பைத்தியம் வேலைக்குப் போவுது பாரு" என்றார். அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் மனம் நோகுமே என்று, "எனுக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றேன்.

நோய் திரும்பிவிட்டதென்று பயந்து, தானே மருத்துவரிடம் போய்ச் சொன்னார். மாத்திரை கூடியது. பகலெல்லாம் தூங்கினார், கை நடுங்கியது, வேலைக்குப் போக முடியவில்லை. மூன்றாம் வாரம் தாங்க மாட்டாமல் அழுதபடி உண்மையைச் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்தார்.

"மெய்யாலுமே சொன்னாங்களா?"

"ஆமாண்ணா."

"அப்ப நான் நல்லாத்தான் கீறேன்!" என்று வாய்விட்டுச் சிரித்தார். "திட்றவன் திட்டட்டும் தங்கச்சி. நீ பொய் சொல்லாத. உன் காத நம்பித்தான் நான் ஓடிக்கினு கீறேன்."

மறுநாள் என்னையும் மருத்துவரிடம் அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னார். அதன்பின் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தார். எனக்கு மாப்பிள்ளையை அடுத்த தெருவிலேயே தேடினார். காது தூரம் போய்விடக் கூடாதாம்!

சென்ற ஆண்டு இதே மாதம் மாரடைப்பு. மருத்துவமனையில் என் கையைப் பிடித்து, "யாரோ கூப்புடறாங்க, உனுக்கும் கேட்டுதா?" என்றார். ஆமாம் என்றால் ஆறுதலாக இருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியது. "இல்லண்ணா" என்றேன். சரி என்று தலையாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரைக் கைவிடாத மருத்துவருக்கும், செவிலியர்களுக்கும், அவர் சோர்ந்த நாட்களில் அவர் வேலையையும் சேர்த்துச் செய்த ஷிப்ட் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று குழாயடியில் பேசியவரும் இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தார்; அவருக்கும் நன்றி.

காலை ஷிப்ட் நேரத்தில் வாசலில் "தங்கச்சி" என்று ஒரு குரல் எனக்குக் கேட்கிறது. உனக்கும் கேட்டதா என்று கேட்க, அண்ணன் இல்லை.