உள்ளுக்கு ஆள் இருக்கு

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்த் திரையை விரலால் தொட்டுக் காட்டுகிற பழக்கம் சுழியோடி அண்ணைக்கு இருந்தது. ஊர் எரிந்துகொண்டிருக்கும். சனம் மூட்டை முடிச்சோடு ஓடும். யப்பான்காரன் எடுத்த அந்த ராட்சத மிருகம் மின்கம்பிக் கோபுரங்களை மிதித்து நொறுக்கும். அந்த நேரம் பார்த்து வீடியோ டெக்கை நிறுத்துவார். நடுங்கி நிற்கும் படத்தில் மிருகத்தின் கழுத்திலுள்ள சின்னச் சின்ன ஓட்டைகளைக் காட்டி, "இந்தா பாருங்கோ, இதுக்குள்ளாலதான் அவன் வெளியில பாக்கிறான். உள்ளுக்கு ஆள் இருக்கு" என்பார். படத்தை விடச் சொல்லிப் பிள்ளைகள் பின்னால் கத்துவார்கள். அவர் காதில் அது ஏறாது.

திருகோணமலைத் துறைமுகத்தில் அவர் சுழியோடியாக இருந்தார். நான் அவருக்குக் கயிறு பிடிக்கிறவன். இப்போதைய பெடியள் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மீன் மாதிரிப் போய் வருகிறார்கள். அவருடைய காலத்து உடுப்பு வேறு. தடித்த ரப்பர் சட்டை, காலில் ஈயம் அடித்த சப்பாத்து, தலைக்குமேல் பித்தளைக் கூடு. அதை மாட்டிவிட இரண்டு பேர் வேண்டும். கடலின் அடியில், சேற்றில், அவர் நடந்து போவார். மேலே வள்ளத்தில் நான் இருப்பேன். இடையில் காற்றுக் குழாயும் ஒரு கயிறும். நான் ஒருதரம் இழுத்தால், சுகமா என்று கேட்கிறேன். அவர் திருப்பி ஒருதரம் இழுத்தால், சுகம். நாலுதரம் இழுத்தால், என்னை மேலே தூக்கு. நாலு வந்தால் கேள்வி கிடையாது, தூக்க வேண்டும். எங்கள் தொழிலில் வாய்க்கு வேலையே இல்லை. தண்ணீர் கலங்கிக் கிடக்கும் மாரி நாட்களில் அரைநாள் முழுக்க அந்த ஒற்றை இழுப்பை நம்பித்தான் நான் இருந்திருக்கிறேன்.

படங்கள் வந்தது ஒரு யப்பான் கப்பலால். அதன் அடி விசிறியில் நங்கூரக் கயிறு சுற்றிக்கொண்டது. அண்ணை இறங்கி அதை வெட்டி எடுத்துக் கொடுத்தார். கப்பலின் எஞ்சினியர் மகிழ்ந்துபோய் ஒரு பை நிறைய வீடியோ காசட்டுகளைக் கொடுத்தார். எல்லாம் ராட்சத மிருகப் படங்கள். உட்துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த அண்ணையின் வீட்டில், ஊரடங்குப் பின்னேரங்களில், வாடகை டெக்கில் அதைப் போட்டுப் பார்ப்போம். பேச்சு ஒன்றும் விளங்காது. படம் மெல்ல மெல்ல மேலே உருளும். எல்லாம் சாம்பல் நிறம். எங்கள் டெக்குக்கும் அந்தக் காசட்டுக்கும் ஒத்துவரவில்லை, நிறம் அதனால்தான் போனது என்பது எங்களுக்குத் தெரியாது. யப்பான்காரர் இவ்வளவு சாமான் செய்தும் படத்தை மட்டும் ஏன் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறார்கள் என்று நாங்கள் அவர்களுக்காகக் கவலைப்பட்டோம்.

மற்றவர்களுக்கு மிருகம், சண்டை, நெருப்பு. அண்ணைக்கு அந்த உடுப்புக்குள் நின்ற மனிதன். முகம் தெரியாத அந்த மனிதன்மேல் அவருக்கு இருந்த பாசம் கூடப்பிறந்தவன்மேல் வைப்பது. "பாவம், வேர்வை சப்பாத்துக்குள்ள நிறைஞ்சிருக்கும். மூக்குக் கடிச்சாலும் சொறிய ஏலாது" என்பார். மிருகம் கடலிலிருந்து எழும்பி வருகிற கட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடுவார். உடம்பெல்லாம் தண்ணீர் வடிய, குதிக்காலை இழுத்து இழுத்து, முன்னுக்குச் சரிந்தபடி அது கரையேறும். "தண்ணிக்குள்ள ஒண்டும் தெரியாது. வெளியில வரேக்கதான் பாரம். அவன் நடிக்கேல்ல, உண்மையாவே களைச்சுப் போனான்." அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "பத்துப் பேரை மிதிச்சுக் கொன்றுபோட்டு வாறவனுக்கு இவர் விசிறி விடுவார் போல" என்று சிரிப்பார்.

அத்தனை வருடத்தில் நாலு இழுப்பு ஒரேயொரு தரம்தான் வந்தது. பழைய இறங்குதுறையின் தூணில் காற்றுக் குழாய் சிக்கிவிட்டது. நாங்கள் வெறி பிடித்தவர்கள் மாதிரி இழுத்தோம். கூட்டைக் கழற்றியதும் அவர் தேத்தண்ணி குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பிடிச்சிருக்கிறாய் எண்டு தெரியும். அதால பயப்பிடேல்ல" என்றார். அதற்குமேல் ஒரு மனிதன் எனக்குச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை.

பித்தளைக் கூடு களஞ்சிய அறைக்குப் போனது. காசட்டுகளில் பூஞ்சணம் பிடித்தது. நாங்கள் ஓய்வு பெற்றோம். பிறகு அண்ணைக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சுப் போயிற்று, கால் போயிற்று. இப்போது நாங்கள் படம் பார்த்த அதே முன்னறையில், டிவிக்கு எதிரே, கட்டிலில் கிடக்கிறார். கண் திறந்திருக்கும், ஒன்றிலும் நிற்காது. அக்கா துடைக்கிறார், புரட்டுகிறார், குழாயால் கஞ்சி விடுகிறார். அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த மகன், அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பார்த்திருப்பதாகச் சொன்னான். நல்ல பிள்ளைதான், தாய் தேய்ந்து போவதைப் பார்க்க முடியாமல் சொன்னான். "அப்பாவுக்கு இனி ஆரெண்டும் தெரியாதம்மா. எங்க இருந்தா என்ன?"

அன்று அக்கா என்னைக் கூப்பிட்டு விட்டார். "தம்பி, அவருக்கு ஒண்டும் தெரியாதெண்டால் கொண்டு போகட்டும், எனக்கும் ஏலாமல்தான் கிடக்கு. தெரியுமெண்டால் நான் விடமாட்டன். ஆர் எனக்குச் சொல்லுறது?" டாக்டர்மார் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் என்ன மருந்து இருக்கிறது? மகனின் போனில் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்து, டிவியில் போடச் சொன்னேன். படம் முழு நிறத்தில் வந்தது. மிருகம் பாசிப் பச்சை. அக்கா உதட்டைப் பிதுக்கினார். "இது வேற மிருகம். அவர் பாத்தது சாம்பல்." அவர் சொன்னதும் சரிதான். ரிமோட்டை வாங்கி நிறத்தை ஒரேயடியாகக் குறைத்தேன். சாம்பல் மிருகம் கடலிலிருந்து எழும்பியது. அண்ணையின் கண் அசையவில்லை. மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கும் அலுத்துப் போயிற்று. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். மிருகம் தண்ணீர் வடிய வடியக் கரையேறிக்கொண்டிருந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். பழைய பழக்கத்தில், சுகமா என்று கேட்பதுபோல, அந்தக் கையை ஒருதரம் இழுத்தேன். கொஞ்சம் பொறுத்து, தூரத்திலிருந்து வருவதுபோல, திருப்பி ஒரு இழுப்பு வந்தது. இன்னொருதரம் கேட்டேன். இன்னொருதரம் வந்தது. "உள்ளுக்கு ஆள் இருக்கு" என்றேன். அக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகன் கொழும்புக்குத் தனியாகத் திரும்பிப் போனான். அவன் போகும் முன்னர் அக்காவுக்கு அந்த ஒற்றை இழுப்பை நான் சொல்லிக் கொடுத்தேன். மற்றதை, அந்த நாலு இழுப்பை, சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. சில நாட்களில் பதில் வரும், சில நாட்களில் வராது. அக்கா இன்னும் மெலிந்துவிட்டார். இடுப்பில் நாரிப் பிடிப்போடு அண்ணையைப் புரட்டுகிறார். எனக்கும் அவர் வீட்டுப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இருந்தும் பின்னேரங்களில் போய், சாம்பல் மிருகத்தைப் போட்டுவிட்டு, மாறி மாறிக் கையைப் பிடித்துக்கொண்டு இருப்போம். ஓட்டைகளைக் காட்டப் படத்தை நிறுத்துகிறவர் இல்லாததால் அது இப்போது சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

நேற்றுப் போனபோது அக்கா வாசலிலேயே சிரித்த முகமாக நின்றார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! "தம்பி, காலமையில இருந்து ஒண்டில்ல, நாலுதரம் இழுக்கிறார். விட்டு விட்டுத் திரும்பவும் நாலு. பலம் வருது போல, என்ன?"

கட்டிலருகே கதிரையைப் போட்டு இருந்து அவருடைய கையை எடுத்தேன். நான் எதையும் கேட்கவில்லை. வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"என்ன சொல்லுறார்?" என்று அக்கா கேட்டார்.

"நல்ல பலமாத்தான் இழுக்கிறார், அக்கா" என்றேன். அவர் சந்தோசத்தோடு படத்தைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார்.

திரையில் மிருகம் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. அந்தச் சின்ன ஓட்டைகள் நன்றாகத் தெரிந்தன. என் கையில் திரும்பவும் நாலு இழுப்பு வந்தது.