காலையில் மட்டும் போன நெட்

பெரியவனே, சின்னவளே, வீட்டில் நெட் ஒரு நிமிடம் சுற்றினால் போதும், இருவரும் ஓடிப்போய் மோடத்தை அணைத்து அணைத்துப் போடுகிறீர்கள். நேற்றும் போட்டீர்கள். அதைப் பார்த்தபோது எனக்குப் பழைய மோடம் ஞாபகம் வந்தது. வெள்ளை டப்பா, முகப்பில் நான்கு பச்சை விளக்குகள். இரண்டாவது விளக்கு ஆடாமல் நின்று எரிந்தால் நம் வீட்டில் நிம்மதி. அது கண்சிமிட்ட ஆரம்பித்தால் உங்கள் அம்மாவின் முகம் மாறிவிடும். அந்த விளக்கை நிற்க வைத்த லைன்மேன் அக்காவைப் பற்றி எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நம் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை. டெலிபோன் கம்பி வழியாகத்தான் நெட். சின்னவளுக்கு நான்கு மாதம். அம்மா ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்தாள். கப்பலில் போகும் சரக்குக்கான தாள்களைக் கணினியில் பதிந்து அனுப்ப வேண்டும். கைக்குழந்தை இருக்கிறதே என்று மேனேஜர் வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார். ஒரே நிபந்தனை, காலை எட்டு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். பிந்தினால் கன்டெய்னர் லாரி துறைமுக வாசலிலேயே நின்றுவிடும். அம்மா இரண்டு முறை பிந்திவிட்டாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆபீசுக்கே வந்துருங்கம்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான்கு மாதப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? வேலையை விடுவதைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இதில் வினோதம் என்னவென்றால், நெட் போவது காலையில் மட்டும். ஆறு மணி வாக்கில் போகும், ஒன்பதரைக்கு ஒன்றும் நடக்காதது போல வந்து நிற்கும்.

லைன்மேன் அக்கா, கணவர் இறந்தபின் அவருடைய வேலைக்கு வந்தவர். பெண்ணாக இருந்தாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் லைன்மேன் அக்காதான். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். யார் மூத்தவர் என்ற கணக்கு கடைசி வரை தீரவில்லை. சைக்கிளில் ஏணியைக் கட்டித் தள்ளிக்கொண்டு வருவார். முனைக்கடை டீ மாஸ்டர் சும்மா இருக்கமாட்டார்.

"யக்கா, ஏணிய நீங்க கூட்டிட்டு வாரீயளா, ஏணி உங்களக் கூட்டிட்டு வருதா?"

"நீரு ஒரு தடவ ஏறிப் பாரும்வே, அப்பத் தெரியும்."

அவர் நம் வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். கம்பியில் தன் சோதனை போனை மாட்டி, கண்ணை மூடிக் கேட்பார். "லைன் சுத்தமா இருக்கு அண்ணாச்சி" என்பார். "காலைல இல்ல, நீங்க வந்தா மட்டும் இருக்கு" என்பேன். "அப்ப என்னைய உங்க வீட்லயே கெட்டிப் போட்டுருங்க" என்று சிரித்துவிட்டுப் போவார். மூன்று முறை இப்படி நடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ப் புகார்ப் புத்தகத்தில் எழுதினேன்: "இந்த அம்மாவுக்கு வேலை தெரியவில்லை. ஆம்பிளை லைன்மேனை அனுப்பவும்."

மறுநாள் வந்ததும் அவர்தான். புகாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கணினியில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து ஓர் எண்ணைக் காட்டினார். "மீன் ஏலம் போடுத எடத்துல எரைச்சலா இருக்கும்லா? அதுக்கு மேல நம்ம சத்தம் எம்புட்டு எழும்பி நிக்குன்னு இது சொல்லும். ஆறுக்குக் கீழ போனா மோடத்துக்குக் காது கேக்காது. மணிக்கு ஒருக்க இத எழுதி வையுங்க."

அம்மாவும் நானும் எழுதினோம். விடியுமுன் எண் ஏழு. ஆறு மணிக்கு நான்கு. ஏழு மணிக்கு விளக்கு கண்சிமிட்டியது, எண்ணே இல்லை. பத்து மணிக்குப் பதினொன்று, உச்சி வெயிலில் பதினைந்து. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் வானம் மூட்டமாக இருந்தது; அன்று பத்து மணியாகியும் எண் ஏறவில்லை. அதுவரை தொல்லையாக இருந்தது, அன்றிலிருந்து எனக்கு விடுகதை ஆகிவிட்டது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நான் உப்பு மூட்டை போடும் கொட்டகையில் வேலை பார்ப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் போனால் மூட்டைகளின் அடி நனைந்திருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றியிருக்கமாட்டார்கள். ஈரக்காற்றை உப்பு இழுத்துக்கொள்ளும். "உப்பு வேர்த்திருக்கு" என்போம். வெயில் ஏறினால் தானே காய்ந்துவிடும். மூட்டமான நாளில் காயாது. நனைந்த மூட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றபோதுதான் சட்டைப்பையில் இருந்த தாளின் அர்த்தம் உறைத்தது. உடனே போன் செய்தேன்.

"யக்கா, இது உப்பு வேர்க்குத மாதிரில்லா இருக்கு."

அக்கா நாள் குறித்தார். "திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு வாரேன். மாடிக் கதவத் தொறந்து வையுங்க."

திங்களன்று அம்மாவுக்கு இரண்டு கன்டெய்னருக்கான தாள்கள் அனுப்ப இருந்தன. அக்கா வந்தபோதே விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. மொட்டைமாடிக்கு ஏறினோம். கம்பத்திலிருந்து வரும் டெலிபோன் கம்பி மாடியைக் குறுக்காகத் தாண்டி, சரிந்து வந்து நம் சுவர்க் கொக்கியில் முடியும். அதில் வரிசையாகப் பதினோரு வாளை மீன், துவைத்த துண்டு போல மடித்துத் தொங்கின. நான் போட்டவைதான். தருவைகுளத்து மச்சான் மீன் கொடுக்கும்போதெல்லாம் உப்புப் போட்டு அங்கேதான் காயவைப்பேன். பூனை எட்டாத இடம், இழுத்துக் கட்டின கம்பி. சும்மா கிடக்கிறதே என்று நினைத்தேன்.

அக்கா கம்பியில் விரலை ஓட்டி, அந்த விரலை நாக்கில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, வாளைக்கு நெட் கனெக்ஷன் குடுத்திருக்கீயளா?"

நான் மீன்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன். மீனில் வடிந்த உப்புநீர் கம்பி வழியே சரிந்து, கொக்கியருகே இருந்த இணைப்பில் போய் நின்றிருக்கிறது. டேப் வாய் பிளந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. பனி விழும்போது அங்கே உப்பு வேர்க்கும், இரண்டு கம்பிக்கும் நடுவே ஈரம் பாலம் போடும். பதினொரு மணி வெயிலில் எல்லாம் உலர்ந்து, லைன் சுத்தமாக இருக்கும். அக்கா மூன்று முறையும் பொய் சொல்லவில்லை.

கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "என்ன, கிடைச்சிட்டா?"

"கெடச்சிட்டும்மா! ஒங்க வீட்டுக்காரரு கம்பியில கருவாடு போட்டிருக்காரு!"

"ஊருக்கெல்லாம் உப்பு அனுப்புத மனுசன், நம்ம லைன்லயுமா உப்பப் போடணும்!"

பச்சை பூத்த பகுதியை அக்கா வெட்டி எறிந்தார். நல்ல செம்பு தெரியும்வரை உரித்து, உள்ளே பசை வைத்த புது இணைப்பைப் போட்டு இறுக்கினார். சுவருக்குள் நுழையுமுன் கம்பியைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்தார், இனி எந்த நீரும் அந்த வளைவில் சொட்டிப் போகட்டும் என்று. கீழே வந்தபோது மணி ஏழு முப்பத்தைந்து. விளக்கு நான்கைந்து முறை கண்சிமிட்டி, நின்று எரிந்தது. எண் பதின்மூன்று. சின்னவளே, நீ அழ ஆரம்பித்தாய். அக்கா கையைக் கழுவிவிட்டு உன்னை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா தாள்களை அனுப்பினாள். எட்டடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

அதே ஆபீசில்தான் அம்மா இன்றும் இருக்கிறாள். இப்போது வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை. உப்பு அதை ஒன்றும் செய்யாதாம். செம்புக் கம்பியைச் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அக்காவும் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு நாசரேத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். நெட் போனால் மோடத்தை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று முதலில் எழுதுங்கள்.

அந்தத் திங்கள் மதியம், வேலையில் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு எக்ஸ்சேஞ்சுக்குத் தனியாகப் போனேன். சாப்பாட்டு நேரம், கவுன்டரில் ஆள் இல்லை. புகார்ப் புத்தகம் சணல் கயிற்றில் கட்டிக் கிடந்தது. என் எழுத்தைத் தேடிப் பிடித்தேன். ஆம்பிளை லைன்மேனை அனுப்பச் சொன்ன வரிக்கு எதிரே, பதில் கட்டத்தில், அக்காவின் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: "இவர் காலை நேரம் என்கிறார். காலையில் போய்ப் பார்க்க வேண்டும்."

நான் எழுதியதை அடித்துவிடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனேன். அடிக்கவில்லை. அதன் கீழேயே, எல்லோருக்கும் விளங்கும்படி பெரிய எழுத்தில் எழுதினேன்: "புகார் தவறு. கம்பியில் மீன் காயப்போட்டது நான். பழுதைக் கண்டுபிடித்தது இந்த லைன்மேன்." கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை புத்தகத்தை மூடாமல் நின்றேன்.